படகில் எட்டுப் பேர்

என் வாய்க்குள் யாராவது கையை விட்டால்தான் நான் பேசாமல் இருப்பேன் என்று என் மனைவி சொல்வாள். அன்று காலை பத்தரை மணிக்கு ஒருவர் விட்டார். பல் டாக்டர். நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். கன்னத்துக்குள் பஞ்சு, நாக்குக்கு அடியில் எச்சில் உறிஞ்சும் குழாய், கண்ணுக்கு நேராக ஒரு விளக்கு.

"பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்கு. எங்க வலிக்குது?" என்றார் டாக்டர்.

மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அத்தையைக் கைகாட்டினேன்.

அத்தை என்றால் என் மாமியார். என் முதலாளியும் அவர்தான். இருபத்தாறு வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்கிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றதும் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். அதே மாதம் எனக்கு வேலை போனது. பெண்ணைக் கொடுத்த கையோடு சம்பளமும் கொடுக்க வேண்டியதாயிற்றே என்ற வருத்தம் அவருக்கு இன்றுவரை உண்டு. ஆனால் மருமகனுக்குத் தர வேண்டிய மரியாதையில் ஒரு குறையும் வைக்க மாட்டார். "மாப்ளே, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு கிடையாதுங்க" என்று பன்மையில்தான் திட்டுவார்.

"அந்தக் குழாய் அவர் வாயிலயே இருக்கட்டும் டாக்டர்," என்றார் அத்தை. "நாலு தடவை போன் பண்ணேன், நீங்க எடுக்கலை. அதான் இவர் பேர்ல அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன். ஏரி விஷயமா ரெண்டு கேள்வி கேக்கணும்."

டாக்டரின் கையிலிருந்த சின்னக் கண்ணாடி என் முன்பல்லில் இடித்தது. பக்கத்தில் நின்ற உதவியாளரை வெளியே போகச் சொன்னார்.

ஏரியில் நடந்ததை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரங்களுக்கு முன்னால் ஒரு சனி, ஞாயிறு. அக்கரை கண்ணுக்குத் தெரியாத பெரிய நன்னீர் ஏரி. எட்டுப் பேர் ஒரு படகில் ஸ்கூபா டைவிங் போனார்கள். வாரம் முழுக்க ஆபீஸும் கடையும் ஆஸ்பத்திரியுமாக இருந்துவிட்டு, வார இறுதியில் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு குதிக்கிற கூட்டம். ஞாயிறு மதியம் கடைசி முறை இறங்கி ஏறினார்கள். படகு கரைக்கு வந்தது. அவரவர் கார், அவரவர் வழி என்று கலைந்துவிட்டார்கள். ஒருவன் திரும்பி வரவே இல்லை என்பது ராத்திரி எட்டு மணிக்கு அவன் வீட்டிலிருந்து போன் வந்தபோதுதான் தெரிந்தது. மறுநாள் காலை, மீன் பிடிக்கப் போனவர்கள் அவனைப் பார்த்தார்கள். காற்று நிரப்பிய மேலங்கியோடு மிதந்துகொண்டிருந்தான். வாயில் விசில் இருந்தது.

அவன் மூழ்கிச் சாகவில்லை. நல்லபடியாக மேலே வந்திருக்கிறான். படகைக் காணோம். ஊதியிருக்கிறான். இருட்டிய பிறகும் ஊதியிருக்கிறான். கடைசியில் குளிர்தான் அவனைக் கொன்றது. முப்பத்தெட்டு வயது. நான் எதைச் சொன்னாலும் நக்கலாகச் சொல்கிறேன் என்று பேர் வாங்கியவன், இதை மட்டும் எப்படிச் சொன்னாலும் வயிற்றெரிச்சலாகத்தான் வருகிறது.

படகில் ஒரு பலகை உண்டு. இடது பாதி சிவப்பு: தண்ணீரில். வலது பாதி பச்சை: படகில். ஆளுக்கு ஒரு நிரந்தர எண் போட்ட பிளாஸ்டிக் வில்லை, அதில் ஒரு கயிற்று வளையம். குதிக்கும்போது தன் வில்லையைச் சிவப்புப் பக்கக் கொக்கியில் மாட்ட வேண்டும், ஏறியதும் பச்சைக்கு மாற்ற வேண்டும். அவரவர் வில்லையை அவரவர்தான் தொட வேண்டும் என்பது படகுக்காரர் போட்ட சட்டம். எட்டும் பச்சைக்கு வந்தால்தான் இன்ஜினைக் கிளப்புவார். அன்று மூன்று நாற்பதுக்கு எட்டும் பச்சையில் இருந்தன. தண்ணீரில் கிடந்தவனின் ஐந்தாம் எண் வில்லையும் சேர்த்து.

அதை மாட்டியது யார்? செத்தவனின் அக்கா எங்களைத் தேடி வந்து கேட்டது இந்த ஒரு கேள்விதான். மருந்துக்கடை வைத்திருப்பவர். அவரும் அன்று அதே படகில் இருந்தார். சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காகப் படகுக்காரர்தான் மாட்டியிருக்கிறார் என்று போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார். போலீசுக்கும் அது வசதியாக இருந்தது. நாளைக் காலை பத்து மணிக்குப் படகுக்காரரைக் கைது செய்வதாக ஏற்பாடு. "அவர்தான்னு உறுதியாத் தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வரும்" என்று சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மாள் எங்கள் அலுவலகத்தில் முன்பணம் கட்டினார்.

"ரெண்டு ரெண்டு பேர் ஜோடியாத்தான் இறங்குவீங்களாம். அன்னிக்கு அவருக்கு ஜோடி நீங்க," என்றார் அத்தை. "போலீஸ்ல என்ன சொன்னீங்க?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் மேல வந்தோம்னு."

"வந்தீங்களா?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார். ஒரு விரல் மாட்டிக்கொண்டது. இழுத்தார்.

"ஏரித் தண்ணி அடியில ஐஸ் மாதிரி இருக்கும். அந்தக் குளிர்ல சிலிண்டர்லேருந்து வாய்க்கு வர்ற குழாயோட வால்வு சில சமயம் உறைஞ்சு போய்க் காத்து தானா கொட்ட ஆரம்பிச்சிடும். எனக்கு அன்னிக்கு ஆச்சு. நங்கூரக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் ஏறினோம். ஆறு மீட்டர்ல மூணு நிமிஷம் நின்னுட்டுத்தான் மேல போகணும், அது விதி. என் சிலிண்டர்ல காத்து இல்லை. அவன் கையைக் காட்டினான், 'நீ போ, நான் நின்னுட்டு வர்றேன்'னு."

"போயிட்டீங்க."

"போயிட்டேன்."

"மேல வந்ததும் முதல் வேலையா அவரோட வில்லையை மாத்தினீங்க. ஜோடியை விட்டுட்டு வந்த ஆளுன்னு யாரும் கேக்கக் கூடாதுல்ல?"

"சத்தியமா இல்லைங்க! நான் பலகைப் பக்கமே போகலை. ஏறினதும் வாந்தி. படகோட முன்பக்கம் போய்க் கம்பியைப் பிடிச்சுக் குனிஞ்சவன் கரை வர்ற வரைக்கும் நிமிரலை. என் வில்லையையே நான் மாத்தலைங்க."

அத்தையின் புருவம் லேசாக உயர்ந்தது. எனக்கும் குழாயை மீறி ஒரு சத்தம் வந்தது. நான்காம் எண், டாக்டருடையது, அதுவும் பச்சையில்தான் இருந்தது.

"அவர் ஏறிட்டாரான்னு ஒரு தடவை திரும்பிப் பாக்கத் தோணலையா?"

டாக்டர் விளக்கை அணைத்தார். அணைத்துவிட்டுச் சொன்னார்.

"தோணுச்சு. அப்பப் பின்னாடி யாரோ, 'இவன் எப்பவும் இப்படித்தான்'னு திட்டினாங்க. தலையில ரப்பர் தொப்பி காதை மூடியிருந்துச்சு, யார் குரல்னு தெரியலை. ஆனா அவனைத்தான் எல்லாரும் அப்படித் திட்டுவாங்க, எதையாவது மறந்துக்கிட்டே இருப்பான். சரி, ஆள் ஏறிட்டான்னு நெனச்சேன்."

"இதைப் போலீஸ்ல நீங்களே போய்ச் சொல்லிடுங்க. இன்னிக்கே," என்று அத்தை எழுந்தார்.

நானே குழாயையும் பஞ்சையும் பிடுங்கிப் போட்டுவிட்டு இறங்கினேன். "பல்லுல ஒண்ணும் இல்லையே டாக்டர்?"

"ஒரு சொத்தை இருக்கு. ஆரம்பம்தான்."

"உங்களுது ரொம்ப முத்திடுச்சு," என்றேன். அத்தை முழங்கையால் என் விலாவில் இடித்தார். மரியாதையாகத்தான்.

*

ஏரிக்குப் போக ஒன்றரை மணி நேரம். கார் ஓட்டிக்கொண்டே நான் கேஸை முடித்துவிட்டேன்.

"படகுக்காரர்தான் அத்தை. டாக்டர் வில்லையை டாக்டர் மாத்தலை. அப்ப யாரு மாத்தினா? படகுக்காரர். நாலை மாத்தின கைக்கு அஞ்சை மாத்த எவ்வளவு நேரமாகும்?"

"ம்."

"நம்ம கட்சிக்காரரும் அதைத்தான் சொல்றாங்க, போலீசும் அதைத்தான் சொல்லுது. மூணு பேரும் ஒண்ணா ஒத்துப்போற கேஸ் நமக்குக் கிடைச்சதே இல்லை. கொண்டாடலாம்."

"மாப்ளே, நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க." அவர் மடியில் கட்சிக்காரரின் வாக்குமூலம் விரிந்திருந்தது. "அக்காவும் தம்பியும் எப்பவும் ஒரே ஜோடியாத்தான் இறங்குவாங்களாம். அன்னிக்கு மட்டும் அவர் டாக்டரோட, இவங்க வேற ஒருத்தரோட. காலைல படகுத்துறையிலயே சண்டை."

"எதுக்கு?"

"அம்மாவுக்காக. அம்மாவுக்கு ஞாபகம் தப்பிடுச்சு. ஆறு வருஷமா தம்பிதான் வெச்சுப் பாத்திருக்கார். அடுத்த மாசத்துலேருந்து நீ கூட்டிட்டுப் போன்னு சொன்னாராம். கடையை வெச்சுக்கிட்டு என்னால முடியாது, ஹோம்ல விட்டுடலாம்னு இவங்க சொல்ல, வார்த்தை தடிச்சுப் போச்சு. நாள் பூரா ரெண்டு பேரும் பேசிக்கலை. திரும்பி வரும்போது இவங்க கேபினுக்குள்ள ஜன்னலைப் பாத்து உக்காந்துட்டாங்க. அவர் முன்பக்கம் உம்முன்னு உக்காந்திருப்பார்னு நெனச்சாங்களாம். கரையில காணோம்னதும், கோவத்துல சொல்லாம வேற யார் கார்லயோ ஏறிக் கிளம்பிட்டான்னு நெனச்சாங்களாம்."

இப்போது அம்மா யார் வீட்டில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். மருந்துக்கடைக்கு மேல்மாடியில். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டேன்.

படகுத்துறையில் நல்ல காற்று. கரையோரத் தண்ணீர் பச்சையாகவும், கொஞ்சம் தள்ளி மை மாதிரி கறுப்பாகவும் இருந்தது. படகுக்காரர் பின்தளத்தில் உட்கார்ந்து காலிச் சிலிண்டர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். இனி யாரும் வாடகைக்கு எடுக்கப் போவதில்லை என்று தெரிந்தும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குத்தானே சொன்னாங்க?" என்றார் எங்களைப் பார்த்ததும்.

"நாங்க போலீஸ் இல்லைங்க," என்றேன். "போலீசா இருந்தா இந்தக் கார்ல வருவோமா?"

அவர் சிரிக்கவில்லை. பலகையைப் போலீஸ் எடுத்துப் போய்விட்டது. கேபின் சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, நான்கு ஸ்குரூ ஓட்டைகளோடு தெரிந்தது.

"தலையை எண்ணியிருந்தா இந்த வம்பே இல்லையே?" என்றேன்.

"முன்னாடி தலையைத்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன் சார். எல்லாரும் ஒரே கறுப்பு ரப்பர் உடுப்பு. ஒருத்தர் உள்ள போவார், ஒருத்தர் வெளிய வருவார், ஒருத்தர் குனிஞ்சு துடுப்பைக் கழட்டுவார். ஒரு தடவை ஒன்பதுன்னு எண்ணிட்டேன், வந்ததே எட்டுப் பேர். பயந்து போய்த்தான் பலகை போட்டேன். நாலு வருஷமா ஒரு தப்பு நடக்கலை. இன்ஜினைத் தொடறதுக்கு முன்னாடி பலகையைப் போட்டோ எடுத்துடுவேன். போனைப் போலீஸ் வாங்கிட்டாங்க. படமெல்லாம் பொண்ணோட டேப்லயும் இருக்கு." சிலிண்டருக்குப் பின்னாலிருந்து டேப்பை எடுத்தார். வக்கீலுக்குக் காட்ட வைத்திருந்தாராம்.

"நாலாம் நம்பர் வில்லையை மாத்தினது யாரு?" என்றார் அத்தை.

படகுக்காரர் துணியை மடித்தார். பிரித்தார்.

"நான்தாம்மா."

நான் அத்தையை ஒரு பார்வை பார்த்தேன். காரிலேயே சொன்னேனே என்ற பார்வை.

"டாக்டர் என் கண்ணு முன்னாடி வாந்தி எடுத்துக்கிட்டு நிக்கறார். ஆளைப் பாத்தேன், மாத்தினேன். என் சட்டத்தை நானே மீறினேன். போலீஸ்ல சொன்னா அஞ்சையும் நீதான்னு சொல்வாங்கன்னு சொல்லலை. ஆனா அஞ்சை நான் தொடலைம்மா. அது ஏற்கெனவே பச்சையில இருந்துச்சு."

"நல்ல கதை," என்றேன். "நாலு மட்டும் கைக்கு எட்டுச்சு, அஞ்சு எட்டலையா?"

"மாப்ளே, இந்தப் படத்தைக் கொஞ்சம் பெருசு பண்ணிக் குடுங்க."

மூன்று நாற்பது. எட்டு வில்லைகள், எட்டுக் கொக்கிகள். போலீஸும் பார்த்த படம், கேஸ் பைலில் நானும் பத்துத் தடவை பார்த்த படம்.

"என்ன தெரியுது?"

"எட்டு வில்லை."

"எட்டும் ஒரே வரிசையில தொங்குதா?"

பார்த்தேன். தொங்கவில்லை. ஆறு வில்லைகள் ஒரே மட்டத்தில் இருந்தன. இரண்டு மட்டும் மற்றவற்றைவிட ஒரு விரல் அளவு உயரத்தில், கொக்கியோடு ஒட்டி நின்றன. ஐந்தும் ஆறும். விரலால் படத்தை இன்னும் பெரிதாக்கினேன். நான்காம் எண்ணின் கயிறு கொக்கியில் சும்மா ஒரு தடவை மாட்டியிருந்தது. ஐந்திலும் ஆறிலும் கயிறு கொக்கியை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. சுற்றினால் கயிறு குறையும், வில்லை மேலே ஏறும்.

"இவர் மாட்டினது நாலு. ஒரு சுத்து," என்றார் அத்தை. "அஞ்சை மாட்டின கை வேற. அந்தக் கை ரெண்டு சுத்து சுத்தற கை. அதே கைதான் ஆறையும் மாட்டியிருக்கு. ஆறு யாருது?"

படகுக்காரர் பயணிகள் பட்டியலை எடுக்கவில்லை. அவருக்குப் பட்டியல் தேவையில்லை.

"அவரோட அக்காதும்மா," என்றார்.

காற்றில் படகு தூணில் இடித்துக்கொண்டே இருந்தது. டேப்பைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன்.

"சண்டை போட்டாங்கன்னு... வேணும்னேவா?"

"பழைய படங்களை எல்லாம் வரிசையா எடுங்க," என்றார் அத்தை.

நாலு வருஷத்துப் படங்கள். அக்காவும் தம்பியும் வந்த பயணங்கள் முப்பத்தொன்று. முப்பத்தொன்றிலும் ஐந்தும் ஆறும் ஒரு விரல் உயரத்தில் நின்றன. அக்கா வராமல் தம்பி மட்டும் வந்தது மூன்று முறை. அந்த மூன்றில் இரண்டில் ஐந்தாம் எண் ஒரே சுற்றில் கோணலாகத் தொங்கியது. மூன்றாவதில் அது சிவப்பிலேயே கிடந்தது.

"அன்னிக்கு மாத்த மறந்துட்டார்," என்றார் படகுக்காரர். குரல் மெல்ல இறங்கியது. "கத்தினேன். அக்கா வந்தா மட்டும் ஒழுங்கா இருக்கீங்களேன்னு கேட்டேன். சிரிச்சார்."

அத்தை டேப்பை அணைத்தார். "அக்கா கூட வந்தா ஒரு தடவையும் அவரா மாத்தினதே இல்லை. ரெண்டு பேரும் ஒண்ணா ஏறுவாங்க. அக்கா தன்னோடதை மாத்துவாங்க, பக்கத்துலயே அவரோடது, அதையும் மாத்துவாங்க. விழாம இருக்க ரெண்டு சுத்து. நாலு வருஷம். அன்னிக்கு வேற ஆளோட ஏறினாங்க. தம்பி வில்லை சிவப்புல இருந்துச்சு. வழக்கம்போல மறந்துட்டுப் போய் உக்காந்துட்டான்னு மாத்திட்டாங்க. அவங்களுக்கு அது ஞாபகத்துலயே இருக்காது."

இப்போது படகுக்காரர் கையெடுத்துக் கும்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். நாளைக் கைது தப்பியது, படகு தப்பியது. அவர் கும்பிடவில்லை. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரியைப் பார்த்தார். தூரத்தில் ஒரு பாறைத்திட்டு தெரிந்தது. அவன் நங்கூரக் கயிற்றை விட்டுவிட்டு, காற்றில் அதற்கு அந்தப் பக்கம் ஒதுங்கியிருக்க வேண்டும் என்றார்.

"அந்தம்மாகிட்ட இதைச் சொல்லித்தான் ஆகணுமா?" என்று கேட்டார்.

"சொல்லலைன்னா நாளைக்கு உங்களைக் கூட்டிட்டுப் போவாங்க."

"தெரியும். நானும்தான் தலையை எண்ணலை." சிலிண்டரை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். "சொல்லுங்க. ஆனா நான் சொல்லச் சொன்னதா இருக்க வேண்டாம்."

*

மருந்துக்கடைக்கு மேல்மாடி. ஐந்தரை மணி. அந்த வீட்டுக்குள் வந்து சேர்ந்து மூன்று வாரமே ஆன சாமான்கள் கூடத்தில் இருந்தன. ஒரு சக்கர நாற்காலி, கைப்பிடி வைத்த நடைவண்டி, இன்னும் பிரிக்காத இரண்டு அட்டைப் பெட்டிகள். உள் அறையில் அம்மா படுத்திருந்தார். கதவு பாதி திறந்திருந்தது.

"படகுக்காரர்தானே?" என்றார் எங்கள் கட்சிக்காரர், நாங்கள் உட்காருவதற்கு முன்பே.

அத்தை சுற்றி வளைத்துப் பேசுவார் என்று நினைத்தேன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அவர் படகுக்காரரிடம் வாங்கி வந்த டேப்பை மேசையில் வைத்து, இரண்டு வில்லைகளையும் காட்டி, நான்கே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அந்த அம்மாள் முதலில் சிரித்தார்.

"நல்லா இருக்கு. அன்னிக்கு அவன் மூஞ்சியவே நான் பாக்கலை. அவ்வளவு கோவம். அவன் சிலிண்டரைத் தூக்கிக் குடுன்னு கேட்டான், காது கேக்காத மாதிரி போனேன். அவனுக்குப் போய் நான் வில்லை மாட்டுவேனா?"

"கோவத்துல யோசிச்சுச் செய்யறது வேற. இது யோசிக்காமச் செஞ்சது," என்றார் அத்தை. "முப்பத்தொரு தடவை செஞ்சிருக்கீங்க. முப்பத்திரெண்டாவது தடவையும் செஞ்சிருக்கீங்க."

"அந்தப் படகுக்காரன் எவ்வளவு குடுத்தான் உங்களுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. அத்தை அசையவில்லை. டேப்பை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தார். "நீங்களே பாருங்கம்மா. ஒவ்வொண்ணா தள்ளிப் பாருங்க."

அவர் தள்ளினார். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. எல்லாப் படத்திலும் அவரும் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில், மற்ற எல்லோரையும்விட ஒரு விரல் உயரத்தில் இருந்தார்கள். பதினைந்தாவது படத்துக்கு மேல் அவர் விரல் நகரவில்லை.

"கயிறு ஈரமா இருந்துச்சு," என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது. "வழுக்கிக்கிட்டே இருந்துச்சு. கழட்டி மாட்டினேன். 'இவன் எப்பவும் இப்படித்தான்'னு சொன்னேன்."

அந்த வாக்கியத்தை நாங்கள் அவரிடம் சொல்லவே இல்லை. டாக்டர் சொன்னது எங்கள் இருவருக்குள் மட்டும் இருந்தது. அத்தை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கேஸ் முடிந்தால் எனக்கு ஒரு ஜோக் வரும், எப்போதும் வரும். அன்று எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

"ஏறிட்டு, மாத்தாமப் போய் உக்காந்துட்டான்னு நெனச்சேன்," என்றார் அவர். "திரும்பிப் பாத்திருக்கலாம். பாத்தா பேசணுமேன்னு பாக்கலை." பிறகு, "எவ்வளவு நேரம் இருந்தான் அவன்? தண்ணியில?"

"தெரியாதும்மா," என்றார் அத்தை.

தெரியும். ரிப்போர்ட்டை நானும் படித்திருக்கிறேன். பொய் சொல்கிறவர்களைப் பிடித்தே பிழைத்தவர் பொய் சொன்னதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

"இதை நீங்க வெளிய சொல்லாம இருந்தா?"

"நாளைக்குப் பத்து மணிக்கு அவரைக் கைது பண்ணுவாங்க."

"அவரும் தலையை எண்ணலையே. அவர் மேலயும் தப்பு இருக்குல்ல?"

"இருக்கு. அதை அவரே சொன்னார். ஆனா எழுதிக் குடுத்திருக்கறது அந்தத் தப்பை இல்லைம்மா. வேணும்னே மாட்டினார்னு எழுதியிருக்கீங்க."

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே கடையில் யாரோ மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். கடைப் பெண் பேர் பேராகப் படித்துத் தேடிக்கொண்டிருந்தாள். அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னை உள்ள போடுவாங்களா?"

"போட மாட்டாங்கன்னுதான் நெனைக்கறேன்."

"போட்டா நல்லா இருக்கும்," என்றார்.

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். கைப்பையை எடுத்துக்கொண்டு வந்த அந்த அம்மாள், ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எத்தனை மணி வரை இருப்பார் என்று கேட்டார். கீழே கடைப் பெண்ணை மேலே வந்து உட்காரச் சொல்லி போன் செய்தார். குரல் ஒன்றும் தடுமாறவில்லை.

அப்போதுதான் உள் அறையிலிருந்து அம்மா கூப்பிட்டார்.

"தம்பி வந்துட்டானா?"

மகனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். நாங்கள் இதற்குமுன் இரண்டு முறை அந்த வீட்டுக்கு வந்திருக்கிறோம். இரண்டு முறையும் இந்தக் கேள்வி எங்கள் காதில் விழுந்திருக்கிறது. ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கிறாராம். மகளின் பதிலும் இருபது தடவை ஒன்றுதான். "வந்துட்டாம்மா, கீழ கடையில இருக்கான்." கேட்டவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வார். மறந்துபோய் மறுபடி கேட்பார்.

மகள் அறை வாசலில் போய் நின்றார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"வரலைம்மா," என்றார். "நான் அவனைத் தண்ணியிலயே விட்டுட்டு வந்துட்டேன்."

அத்தை கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். கட்டில் முனகியது. அம்மா எழுந்து உட்கார முயற்சி செய்கிறார் என்று தெரிந்தது. அவருக்குக் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. சின்னப் பிள்ளை எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தால் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"இன்னும் வெளிச்சம் இருக்கே. இப்பவே திரும்பிப் போனா கூட்டிட்டு வந்துடலாம். போ."